இரண்டாம் மாடி வால்வு

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றோடு எல்லா வீட்டுக்கும் மீட்டர் பொருத்தி முடிந்தது. கடைசியாக எங்கள் வீடு. அடுக்ககச் சங்கச் செயலாளர் வீட்டில் முதலில் மாட்டினால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று நானே கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தேன்.

மீட்டர் கம்பெனியிலிருந்து வந்திருந்த இம்ரான் பொறுமைசாலி. ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்விகளுக்கு அதே பதிலைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எந்த வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது போனில் தெரியும். கீழே இருக்கும் மோட்டாரும் இனி தொட்டி நிலவரம் பார்த்துத் தானே ஓடித் தானே நிற்கும். கரன்ட் செலவும் குறையும். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வைத்திருக்கிறோம். தாண்டினால் அந்த வீட்டு வால்வு மூடிக்கொள்ளும், மறுநாள் காலையில்தான் திறக்கும். இந்த மாதம் வெறும் எச்சரிக்கை. மே முதல் தேதியிலிருந்து நிஜமாகவே மூடும்.

இந்த விதியைக் கொண்டுவந்தது நான்தான். கிணறு மாசியிலேயே கைவிட்டுவிட்டது. போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. லாரி ஒரு நாள் வராவிட்டால் மொத்த முல்லைவனம் அடுக்ககமும் என் வீட்டுக் காலிங் பெல்லில்தான் கை வைக்கிறது. வேறு வழி தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் இம்ரான் பக்கத்திலேயே நின்று, “தண்ணி எங்கேருந்து வருது தம்பி?” என்று மூன்று தடவை கேட்டார். இம்ரான் மூன்று தடவையும் சொன்னார். பெயின்ட் கம்பெனி ஸ்டோரில் இருந்த காலத்திலிருந்தே இவருக்கு எதையும் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து சண்டை. நான் அதைத் திறக்கவில்லை. தோசை மாவு அரைத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கிருபாகரன் சார் வந்திருந்தார். சங்கத் தலைவர், ஆனால் எந்த முடிவையும் என் வாயால் சொல்லவைத்துவிடுவார். காபி குடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பி பிளாக்லயே அதிகமாத் தண்ணி செலவாகுறது உங்க வீட்லதான்” என்றார்.

நாங்கள் இரண்டே பேர். வாஷிங் மெஷின்கூட வாரத்தில் இரண்டு நாள்தான். அஞ்சு பேர் இருக்கும் மேல்வீட்டைவிட நாங்கள் அதிகமாம்.

“மீட்டர்ல ஏதோ கோளாறு சார்” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க, பில் அதிகம் என்று வந்து நின்ற ஒவ்வொருவரும் இதைத்தான் சொன்னார்கள். நான் ஒருவரையும் நம்பியதில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வாங்கிவரச் சொல்லி இவரை அனுப்பினேன். பால் வாங்கி வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் நேற்றையதும் அதற்கு முந்தையதுமாகப் பால் பாக்கெட்டுகள். எல்லாவற்றையும் காய்ச்சித் திரட்டுப்பால் கிளறினேன். கிளறிக் கிளறித் தோள்பட்டை விட்டுப்போயிற்று. வேப்பம்பூ இல்லாத பச்சடிதான்.

புனேயிலிருந்து சுபா பேசினாள். இவர் போனை வாங்கி, “பரீட்சை எப்படிம்மா எழுதியிருக்கே?” என்று கேட்டார். அவள் வேலையில் சேர்ந்தே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சின்ன வயதில் அவளை இப்படித்தான் சீண்டுவார். சுபா ஏனோ சிரிக்கவில்லை. “நல்லா எழுதியிருக்கேம்ப்பா” என்றாள். பிறகு என்னிடம், “அம்மா, நீ ஃப்ரீயா இருக்கறப்ப கூப்பிடு” என்றாள்.

நான் எப்போது ஃப்ரீயாக இருக்கிறேன்?

ஏப்ரல் 17, வியாழன்

இம்ரான் வந்து மீட்டரைக் கழற்றி, வாளியில் தண்ணீர் பிடித்து அளந்து காட்டினார். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து, “இங்க பாருங்க மேடம். காலையில அளவாத்தான் போகுது. பதினோரு மணிக்கு மேலதான் ஏறுது. ஒரு மணி வரைக்கும் இப்படித்தான். அப்புறம் இறங்கிடுது” என்றார்.

அந்த நேரத்தில் நான் கீழே சங்க அறையில் இருப்பேன். லாரிக்காரரோடு பேசுவது, காவலாளிக்குப் பதில் ஆள் பார்ப்பது, லிஃப்ட்காரருக்குப் போன் போடுவது என்று ஒரு மணியாகிவிடும். வீட்டில் இவரும், வேலைக்கு வரும் பூங்காவனமும் மட்டும்தான்.

அப்படியென்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மீட்டர் பொய் சொல்லாது.

ஏப்ரல் 19, சனி

பூங்காவனத்திடம் கேட்டேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் திரும்பினாள்.

“கொழாயத் தொறந்து வுட்டுட்டுப் போறவளாம்மா நானு? எங்க தெருவுல ஒரு குடம் தண்ணிக்கு நான் நிக்கற நெலம உனக்குத் தெரியாது?”

“அப்ப தண்ணி எங்க போகுது? நீ இருக்கிற நேரத்துலதானே போகுது?”

அவள் கூடத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குரலைத் தணித்து, “அம்மா, கோச்சிக்காத. சார ஒரு தபா டாக்டராண்ட இட்டும்போயேன்” என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. “தப்பு பண்ணிட்டு சார் மேல பழி போடறியா?” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கத்தியது கேட்டிருக்கும்.

பூங்காவனம் கையைக் கழுவினாள். குழாயை இறுக்கி மூடினாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பாத்திரம் சோப்போடு அப்படியே கிடந்தது.

நல்ல வேலைக்காரிதான். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெருக்கி, துடைத்து, துலக்கி, சமைத்துவிட்டுச் சங்க அறைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகு ஒத்துழைக்க மறுத்தது. தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

பூங்காவனம் நின்ற பிறகு அளவு குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது. முன்பைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு கூடியிருக்கிறது.

சுவருக்குள் எங்கோ கசிகிறது போலும். பிளம்பரை வரச் சொன்னேன். அவர் எல்லாக் குழாயையும் தட்டிப் பார்த்தார், ஃப்ளஷ் தொட்டியைத் திறந்து பார்த்தார், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “எங்கயும் ஒழுகலக்கா. குழாய்ங்க எல்லாம் புதுசு கணக்கா இருக்கு” என்றார்.

ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

சங்க அறைச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று நடுவில் மேலே வந்தேன். சமையலறைக் குழாய் திறந்து கிடந்தது. குளியலறையில் வாளி நிரம்பித் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பால்கனியில் துணி துவைக்கும் குழாயும். இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் மூடினேன்.

“என்னங்க, குழாயெல்லாம் தொறந்திருக்கே?”

“அப்படியா?” என்று நிமிர்ந்தார். “நீ மூடாமப் போயிட்டியா?”

மறதி யாருக்குத்தான் இல்லை? நானும்தான் சாவியை வைத்துவிட்டுப் போனேன். ‘மூடவும்’ என்று காகிதத்தில் எழுதி ஒவ்வொரு குழாய்க்கு மேலும் ஒட்டினேன். ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், “நான் என்ன சின்னக் குழந்தையா மரகதம்?” என்று கேட்டார். இட்லிக்கு ஊறவைத்தேன்.

பேப்பர் நேற்றையது. பிறகுதான் கவனித்தேன்.

மே 1, வியாழன்

இன்றிலிருந்து வால்வு மூடும்.

நோயாளிகளும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும், அந்த வீட்டு வால்வைத் தானாக மூடாதபடி இம்ரான் மாற்றிவிடுவார். டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீடு, பிரசவத்துக்கு மகள் வந்திருக்கும் வீடு என்று சில பெயர்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன்.

கிருபாகரன் சார் தயங்கித் தயங்கி, “உங்க வீட்டையும் இதுல சேத்துடலாமா மேடம்?” என்றார்.

“எதுக்கு? எங்க வீட்ல யாரும் நோயாளி இல்லையே.”

“இல்ல, சார்… சும்மா ஒரு பாதுகாப்புக்கு…”

“செயலாளர் வீட்டுக்கே விலக்குன்னா நாளைக்கு எவன் சார் விதியை மதிப்பான்?”

நான் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போது எழுதும்போதும் நியாயமாகத்தான் தெரிகிறது.

மே 4, ஞாயிறு

மூன்று நாளாகச் சங்க வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். இவர் எழுந்தால் நானும் எழுகிறேன். சமையலறைக்குப் போனால் பின்னாலேயே போகிறேன். “என்ன, நிழல் மாதிரி வர்றே?” என்று சிரிக்கிறார். அளவுக்குள் இருக்கிறோம்.

அசதி. உடம்பு அசதி இல்லை இது.

மே 6, செவ்வாய்

இன்று எழுத முடியாது.

மே 7, புதன்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

லாரி ஒப்பந்தக்காரர் பேச வந்திருந்தார். அவரை வீட்டுக்கு வரச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இவருக்குச் சாப்பாட்டை மேசையில் எடுத்து வைத்துவிட்டு, டிவியைப் போட்டுவிட்டுக் கீழே போனேன். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

நடுவில் போன் ஒலித்தது. ‘பி பிளாக், இரண்டாம் மாடி, உங்கள் வீட்டு வால்வு மூடப்பட்டது.’ படித்தேன். தொலையட்டும், மூடினால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். யாருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேனோ! போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினேன்.

மேலே போனபோது வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. சாப்பாடு தொடாமல் இருந்தது. எல்லாக் குழாய்களும் திறந்திருந்தன, ஒன்றிலும் தண்ணீர் இல்லை. பரணில் இருந்த பழைய எவர்சில்வர் குடத்தைக் காணோம். ஏறி எடுப்பதற்காக நாற்காலி போட்டிருந்தது. இவரைக் காணோம்.

கேட்டில் இருந்த காவலாளி, “சார் குடத்தோட போனாரும்மா. எங்க சார்னு கேட்டேன். தண்ணி புடிக்கப் போறேன்னாரு. வெளாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்” என்றார்.

வெளியே தார் உருகுகிற வெயில். கிருபாகரன் சார் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் பாய்ந்துகொண்டிருந்தன. மருந்துக்கடை, டீக்கடை, கோயில் வாசல் என்று எங்கும் நிறுத்தி, “குடத்தோட ஒரு பெரியவர் போனாரா?” என்று கேட்டோம். கேட்கக் கேட்க என் குரலே எனக்கு அந்நியமாகிவிட்டது. குடத்தோடு ஒரு பெரியவர். அவருக்குப் பெயர் தெய்வநாயகம். எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகப் புருஷன்.

போன் அடித்தது. பூங்காவனம்.

“அம்மா, சாரு எங்க தெருவுல லாரியாண்ட நிக்கறாரு. நான் கூடத்தான் கீறேன். பதறாத, மெதுவா வா.”

அடுக்ககத்துக்குப் பின்பக்கம், கால்வாயைத் தாண்டி இருக்கிறது அவள் தெரு. பால்கனியில் நின்றால் அதன் ஓட்டுக்கூரைகள் தெரியும். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. மாநகராட்சித் தண்ணீர் லாரி நின்றிருந்தது. பிளாஸ்டிக் குடங்களும் பெண்களும் வரிசையாக நிற்க, நடுவில் இவர். பனியனும் வேட்டியும், காலில் செருப்பில்லை. ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டு நின்றார். பூங்காவனம் முந்தானையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நெழலுக்கு வான்னா வரமாட்டேன்றாரும்மா. வரிசை போயிடுமாம்.”

என்னைப் பார்த்ததும் இவர் முகம் சுளித்தார். “நீ ஏன் மரகதம் வந்தே? குழந்தை தனியா இருக்குமே. வீட்டுக்குப் போ. இன்னும் நாலஞ்சு குடம்தான், வந்துடறேன்.”

அயனாவரத்தில் வாடகைக்கு இருந்தபோது ஒரு கோடை முழுக்கக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சுபா அப்போது கைக்குழந்தை. வேலைக்குப் போவதற்கு முன் லாரிக்கு வரிசை நின்று, மாடிப்படி ஏறி, அண்டாவை நிரப்பிவிட்டுத்தான் இவர் சட்டை போடுவார். அவளைக் குளிப்பாட்டாமல் ஒரு நாளும் விட்டதில்லை. அந்த வரிசையில்தான் இப்போதும் நிற்கிறார் என்பது புரிந்தது.

வரிசையின் முன்னால் இருந்த ஒரு பெண், “தாத்தாவ முன்னாடி வுடுங்கடி” என்றாள். இன்னொருத்தி, “அபார்ட்மென்ட்டுக்கு லாரி லாரியா வருது, இங்கயும் நம்ம தண்ணிக்குக் குடம் தூக்கிட்டு வருவாங்களா?” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. தலை குனிந்து நின்றேன். பூங்காவனம், “என் பங்குல ஒரு கொடம் கொறச்சுக்கோ, பேச்ச வுடு” என்றாள்.

அவர் குடம் நிரம்பியது. தூக்கித் தோளில் வைக்கப் போனார், குடம் பாதியிலேயே இறங்கியது. கிருபாகரன் சார் வாங்கிக்கொள்ள வந்தும் விடவில்லை. கடைசியில் பூங்காவனம் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொள்ள, வழியெல்லாம் சிந்திக்கொண்டே, வீடு வரை நடந்தோம்.

பாதம் இரண்டிலும் கொப்புளம். மருந்து போடும்போது பூங்காவனத்திடம் கேட்டேன். “எத்தனை நாளா?”

“பொங்கலுக்கு அப்பாலருந்தே. ஒரு கொழாய நான் மூடினா இன்னொண்ணத் தொறப்பாரு. வீணாக்கணும்னு இல்லம்மா. தண்ணி வருதான்னு பாக்கறாரு. வந்தா சந்தோஷம். பாத்தது மறந்துடும், மறுக்கா வந்து பாப்பாரு.”

மூடி மூடி வைத்தது அவள். அதனால்தான் அவள் நின்ற பிறகு அளவு கூடியது. மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் எனக்கு வேண்டியபடி படித்துக்கொண்டேன்.

மே 8, வியாழன்

பூங்காவனத்தைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டு வாசலில் நின்றே பேசினோம். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

“நீ கத்துனது ஏ பிளாக் வரிக்கும் போச்சு. மூணாவது மாடிக்காரம்மா மறுநாளே என்ன நிறுத்திட்டாங்க. தண்ணிய வீணாக்கறவன்னு பேரு. சாருக்கு முடியல, அது வேற. எனக்கு வந்த பேர யாரு துடைப்பா?”

“நான் சொல்றேன் பூங்காவனம். எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“பாக்கலாம்” என்றாள்.

மே 9, வெள்ளி

டாக்டர் இவரிடம் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாகப் போட்டார். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினார். ஸ்கேன் எடுத்தார்கள். மாத்திரை எழுதினார்கள். ஞாபகம் தேய்வதை மெதுவாக்கும், நிறுத்தாது என்றார் டாக்டர்.

மறதி நோய். இந்த நோட்டில் முதல் முறையாக எழுதுகிறேன்.

சுபாவிடம் சொன்னேன். “பொங்கலுக்கு வந்தப்பவே தெரிஞ்சுதும்மா. நாலஞ்சு தடவ சொல்ல வந்தேன். நீ பேச்ச மாத்திட்டே.”

நான் மாற்றினேனா? மாற்றியிருப்பேன்.

மே 11, ஞாயிறு

பொதுக்குழு. மொட்டை மாடியில் நாற்காலி போட்டிருந்தது. சாயங்காலக் காற்றுக்கு எல்லோரும் கொஞ்சம் சாந்தமாக இருந்தார்கள். நான் எழுந்து, வால்வு தானாக மூடும் விதியை மாற்ற வேண்டும் என்றேன். அளவு தாண்டினால் முதலில் போனில் தகவல், பிறகு காவலாளியோ பக்கத்து வீட்டாரோ கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும், ஆள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

சி பிளாக் அருணாசலம் எழுந்தார். “ரூல் கொண்டுவந்ததே நீங்கதான மேடம்? போன வாரம் எங்க வீட்ல மூடினப்ப என் மனைவி தலைல ஷாம்பூவோட நின்னா. ரூல் ரூல்தான் சார்னு சொன்னீங்க. இப்ப உங்க வீடுன்னதும் மாத்தணுமா?”

அவர் கேட்டது சரி.

“ஆமா சார். என் வீடுன்னதும்தான் புரிஞ்சுது. என் கணவருக்கு மறதி நோய். குழாயத் தொறந்து வெக்கறது அவர்தான். வால்வு மூடினதும் வீட்ல தண்ணி நின்னுபோச்சுன்னு குடத்த எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டாரு. பூங்காவனம் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு தெரியாது. அவ தண்ணிய வீணாக்கினான்னு நான் சொன்னது பொய். அவதான் இத்தன நாளா மூடி வெச்சிருக்கா. அவள வேலைய விட்டு நிறுத்தினவங்க தயவுசெஞ்சு திரும்பக் கூப்பிடுங்க.”

கீழே மோட்டார் தானாக ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. ஏ பிளாக் மூன்றாம் மாடிக்காரம்மா கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அருணாசலம் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து, “தட்டிப் பாக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அளவு குறையக் கூடாது. லாரித் தண்ணி கடல் இல்ல” என்றார். அப்படியே முடிவானது.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொன்னேன். மழை வரும் வரையாவது இருங்கள் என்றார்கள். எனக்கு வாதாடத் தெம்பில்லை.

மே 14, புதன்

ஏ பிளாக்கில் பூங்காவனத்தைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளே வந்து சொன்னாள். எங்கள் வீட்டுக்கும் வருவாயா என்று கேட்டேன்.

“பாத்திரம் துலக்க வரமாட்டேம்மா. அதுக்கு வேற ஆள் பாத்துக்கோ. பதினோரு மணிக்கு வரேன், சாரோட இருக்கேன். நீ ஒண்ணும் கத்தாத, அது போதும்.”

சரி என்றேன். பாத்திரத்தை நானே துலக்குகிறேன்.

மே 23, வெள்ளி

இம்ரான் வந்து எங்கள் வீட்டு வால்வைத் தானாக மூடாதபடி மாற்றினார். காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன். குழாய்களின் வாயில் தண்ணீர் நூலாக வரும்படி ஏதோ திருகி வைத்தார். திறந்து கிடந்தாலும் பாதிச் சேதம்தான் என்றார்.

வேகம் குறைந்ததில் இவருக்குக் கவலை அதிகமாகிவிட்டது. குழாயடியில் நின்று, “சன்னமா வருதே, சன்னமா வருதே” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாலையில் இம்ரானைக் கூப்பிட்டுப் பழையபடியே வைக்கச் சொன்னேன். சலித்துக்கொள்ளாமல் வந்தார்.

ஜூன் 2, திங்கள்

பூங்காவனத்துக்குக் காய்ச்சல். நான் சங்க அறைக்குப் போகவில்லை. லாரிக்காரரைக் கிருபாகரன் சார் பார்த்துக்கொண்டார். உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இவர் கதவைத் திறந்து தனியாகப் போய்விடுவாரோ என்று மேலே ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். போட்ட அன்று அழுகை வந்தது. இப்போது கை தானாகப் போடுகிறது.

காலையில் சாப்பிட்டதும் இருவருமாக எல்லாக் குழாய்களையும் பார்க்கிறோம். பூங்காவனம் பழக்கியது. தடுத்தால்தான் திரும்பத் திரும்ப வருகிறார். கூடவே போய் ஒரு சுற்று பார்த்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு மனம் அடங்குகிறது. சமையலறை, குளியலறை, பால்கனி. இவர் திறப்பார், கையை நீட்டுவார், “வருது” என்பார். நான் மூடுவேன். மீட்டரில் அளவு பெரிதாக ஏறவில்லை, பார்த்தேன். பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

இன்று பால்கனிக் குழாயையும் பார்த்து முடித்ததும், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்தில் மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல ஒரு மரியாதை முகத்தில் வந்தது.

“எல்லாத்துலயும் நல்லா வருது மேடம். ரொம்ப நன்றிங்க. என் சம்சாரம் தண்ணியப் பத்தித்தான் எந்நேரமும் கவலப்படுவா. இன்னும் வேலையிலேருந்து வரல. வந்தா சொல்லணும்.”

துணி உலர்த்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் சொல்லிடறேங்க” என்றேன்.